பாவை சேர்த்த பெரியோர்



பாவை என்பது நம் தமிழிலே மிகப் பழைய சொல். பெண்ணைப் பாவை என்றோம். கண்ணின் மணியைப் பாவை என்றோம். மார்கழி நோன்பைப் பாவை நோன்பு என்றோம். மண்ணாலும் மரத்தாலும் செய்த உருவத்தையும் அப்பெயராலேயே அழைத்தோம். சங்கப் பாடல்களில் வரும் சிறுமியர் ஈர வண்டலைப் பிடித்து வண்டற்பாவை செய்து விளையாடினர். மணலைக் குவித்துச் சிறு வீடு கட்டினர். அவ்வீட்டுக்குச் சிற்றில் என்று பெயர். பின்னர் எழுந்த பிள்ளைத்தமிழ் நூல்களிலே, ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்குரிய பருவங்களுள் ஒன்று சிற்றில் சிதைத்தல். சிறுமியர் பாடுபட்டுக் கட்டிய மணல் வீட்டைச் சிறுவன் ஒருவன் காலால் அழிக்க வருகின்றான். அழிக்காதே என்று அவர்கள் அவனை இரந்து நிற்கின்றனர்.

ஒருவர் உள்ளம் உவந்து கட்டுகின்றார். அருகிலுள்ளவர் அதனை ஒரு பொருட்டாகக் கொள்ளாது காலால் தள்ளுகின்றார். இந்நிகழ்ச்சி குழந்தைப் பருவத்தோடு முடிந்துவிடுவதன்று. வயது முதிர்ந்த பின்னரும் பாவைகளைத் தேடித் தேடிச் சேர்த்த மனிதர் பல நாடுகளில் வாழ்ந்திருக்கின்றனர். அவர்களுட் சிலர் அரச குடும்பத்தினர், சிலர் வணிகர் மனைவியர், ஒருவர் பத்திரிகையாசிரியர். அவர்களைச் சூழ்ந்திருந்த சுற்றத்தாரும் நண்பரும் அந்தச் சேகரிப்பை எவ்வாறு நோக்கினர் என்பதும், அந்நோக்கினால் விளைந்தது யாது என்பதும் வரலாற்று மாணவன் ஆராயத்தக்க பொருள்களே. அவற்றைக் குறித்துச் சிறிது நேரம் உங்களோடு சிந்திக்க விரும்புகின்றேன்.

முதலில் நம் வீட்டுக்குள்ளேயே நோக்குவோம். நவராத்திரி வந்தால் படி கட்டிக் கொலு வைப்பது தமிழர் வழக்கம். தமிழ்நாட்டிலே பண்ணுருட்டியிலும் காஞ்சிபுரத்திலும் செய்யப்பெறும் மண்பாவைகளும் காகிதக்கூழ்ப் பாவைகளும் ஆண்டுக்கு ஒன்றிரண்டாக வீட்டுக்கு வந்து சேரும். மணப்பெண்ணுக்குச் சீராக மரப்பாச்சிச் சோடி கொடுத்து, அதிலிருந்து புதிய கொலுவைத் தொடங்கச் செய்தல் பல குடும்பங்களின் மரபு. பாட்டி சேர்த்த பாவைகள் தாயின் கைக்கும், தாயின் கையிலிருந்து மகள் கைக்கும் வருகின்றன. ஆண்டு முழுவதும் பழந்துணியிலே பொதிந்து பெட்டியில் உறங்கி, ஒன்பது இரவுகள் மட்டும் விழித்திருக்கும் அப்பாவைகளை அறுபது வயதுப் பெண்மணி ஒருவர் துடைத்து அடுக்கும்பொழுது, இந்த வயதில் இவருக்குப் பொம்மை எதற்கு என்று எவரும் கேட்பதில்லை. கணவர் படிக்குப் பலகை தேடிக் கொடுக்கின்றார். பேரப்பிள்ளைகள் சுற்றி நிற்கின்றனர். அயலார் வந்து பாடிச் சுண்டலும் வெற்றிலை பாக்கும் பெற்றுச் செல்கின்றனர். நம் பாடசாலைகளிலும் வாணி விழாவின்போது கொலு வைக்கின்றோம்.

அதே பெண்மணி நவராத்திரி அல்லாத ஒரு நாளிலே, தம் விருப்பம் ஒன்றையே காரணமாகக் கொண்டு ஒரு பாவையை வாங்கிவந்து மேசையில் வைப்பாராயின், வீட்டார் என்ன சொல்வர்? பாவையும் ஒன்று, வாங்கிய கையும் ஒன்று. முன்னதற்குப் பக்தி என்று பெயர். பின்னதற்குப் பித்து என்று பெயர். ஊரும் உறவும் இடம் ஒதுக்கிக் கொடுத்த ஆசைக்கு மரியாதை உண்டு. இடம் ஒதுக்காத ஆசைக்கு நகைப்பே கிடைக்கின்றது. இந்த வேறுபாட்டை நெஞ்சில் இருத்திக்கொண்டு கடல் கடந்து செல்வோம்.

யாழ்ப்பாணம் 1658ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் வசமாயிற்று என்பது நாம் அறிந்ததே. நம் தீவின் கறுவாவும் யானையும் அவர்தம் கிழக்கிந்தியக் கம்பனிக்குப் பெருஞ்செல்வம் ஈட்டிக் கொடுத்தன. கிழக்கு நாடுகளின் வாணிபத்தாற் பொலிந்த அம்ஸ்ரடாம் நகரத்திலே, அதே நூற்றாண்டின் பிற்பகுதியில், செல்வர் வீட்டுப் பெண்கள் ஒரு புதிய வழக்கத்தை மேற்கொண்டனர். ஆளுயரத்துக்கு மேற்பட்ட அலுமாரி ஒன்றைச் செய்வித்து, அதன் உள்ளே சிறு சிறு அறைகள் வகுத்து, ஒவ்வோர் அறையையும் மெய்யான வீட்டின் அறை போலவே அமைத்து, அவற்றிலே பாவைகளைக் குடியேற்றினர். இவை குழந்தைகள் விளையாடுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. விருந்தினர் வந்தால் கதவைத் திறந்து காட்டுவதற்காக வளர்ந்த பெண்கள் தமக்கெனச் செய்துகொண்ட காட்சி வீடுகள் அவை.

அவற்றுள் மிகப் புகழ்பெற்றது பெத்ரொனெல்லா ஓர்ற்மன் என்னும் அம்மையாருடையது. அவர் 1656இல் பிறந்தவர். பட்டு வணிகர் ஒருவரின் மனைவி. 1686 தொடக்கம் 1710 வரையில், ஏறத்தாழ இருபத்துநான்கு ஆண்டுகள், தம் பாவை வீட்டை அவர் நிறைவு செய்துகொண்டிருந்தார். ஆமையோடு பதித்த அலுமாரி; அதனுள்ளே ஒன்பது அறைகள்; சமையலறையிலே தட்டுமுட்டுகள்; குழந்தை பெற்ற தாய் இருக்கும் அறை; துணி உலர்த்தும் மேன்மாடம்; விரலளவான சீனப் பீங்கான்கள். அக்காலப் பயணி ஒருவர் இதற்குச் செலவான தொகையை 20,000 முதல் 30,000 கில்டர் வரை எனக் குறித்து வைத்தார். அந்நகரின் கால்வாய்க் கரையிலே மெய்யான வீடு ஒன்றை வாங்குவதற்கு அத்தொகை போதுமானதாக இருந்தது. இன்று அந்தப் பாவை வீடு அம்ஸ்ரடாமின் ரைக்ஸ் அரும்பொருளகத்தில் இருக்கின்றது.

வீட்டுக்குள்ளே வீடு வாங்கும் விலையில் ஒரு விளையாட்டு வீடா என்று நாம் வியக்கலாம். ஆனால் அக்காலத்து ஒல்லாந்தச் செல்வருள் ஆடவரும் அலுமாரி வைத்திருந்தனர். கடற்சிப்பிகள், பழைய நாணயங்கள், பூச்சிகள், பவளக் கொடிகள் முதலியவற்றைச் சேர்த்து அடுக்குவது அவர்தம் பழக்கம். சிப்பி சேர்த்த கணவரின் அலுமாரிக்குக் கல்வி என்று பெயர். பாவை சேர்த்த மனைவியின் அலுமாரிக்குப் பொழுதுபோக்கு என்று பெயர். காலம் என்னும் நீதிபதியோ வேறுவிதமாகத் தீர்ப்பளித்தான். சிப்பி அலுமாரிகள் பல கலைந்து போயின. அன்றைய ஒல்லாந்தக் குடும்பம் எவ்வாறு சமைத்தது, எவ்வாறு துவைத்தது, பிள்ளை பெற்ற பெண்ணை எவ்வாறு பேணியது என்பவற்றை ஆராய்வோர் இன்று பெண்களின் பாவை வீடுகளையே நாடிச் செல்கின்றனர்.

இன்னொரு செய்தியும் இங்கே குறிப்பிடத்தக்கது. யாக்கொப் அப்பெல் என்னும் ஓவியர் 1710ஆம் ஆண்டளவில் இந்த அலுமாரியைத் திறந்த நிலையில் ஓவியமாகத் தீட்டினார். அந்த ஓவியத்திலே அறைதோறும் மெழுகினாற் செய்த மனிதப் பாவைகள் நிற்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை இன்று இல்லை. நாற்காலி இருக்கின்றது, அமர்ந்தவள் இல்லை; தொட்டில் இருக்கின்றது, ஆட்டியவள் இல்லை. மெய்யான வீடுகளுக்கு நேர்வது பாவை வீட்டுக்கும் நேர்ந்தது.

பெத்ரொனெல்லா 1716இல் மறைந்தார். அடுத்த தலைமுறையிலே சாரா ரொத்தே என்னும் வணிகர் மனைவி 1743இல் ஏலம் ஒன்றிலே மூன்று பழைய பாவை வீடுகளை விலைக்கு வாங்கினார். அப்பொழுது அவருக்கு வயது நாற்பத்துநான்கு. மூன்றிலிருந்தும் பொருள்களைத் தெரிந்தெடுத்து, புதிய அலுமாரிகள் செய்வித்து, தாமே அமர்ந்து சிறு சிறு துணிகளைத் தைத்துப் பின்னினார். எந்தப் பொருளை எவரிடம் செய்வித்தார், அதற்கு என்ன கூலி கொடுத்தார் என்று குறிப்பேடுகளில் எழுதியும் வைத்தார். அவருடைய பாவை வீடுகளுள் ஒன்று ஹார்லெம் நகரிலும் மற்றொன்று ஹேக் நகரிலும் காட்சிக்கு உள்ளன. வெறுங்கையால் பாவையை விட்டுச் செல்பவர் அழகை மட்டும் விட்டுச் செல்கின்றார். கணக்கையும் எழுதி விட்டுச் செல்பவர் வரலாற்றையும் சேர்த்து விட்டுச் செல்கின்றார்.

ஒல்லாந்திலிருந்து சேர்மனிக்கு வருவோம். துரிங்கியா நாட்டிலே ஆர்ன்ஸ்ரட் என்பது ஒரு சிறு நகரம். இசைமேதை பாக் தம் இளமையில், 1703 முதல் 1707 வரை, தேவாலயத்தில் ஓகன் வாசித்தது அந்நகரிலேதான். அந்நகரின் ஆட்சியாளருக்கு மனைவியாக வாழ்ந்தவர் ஒகுஸ்தா டொரொத்தேயா. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. 1716இல் கணவரை இழந்தார். அதன் பின்னர் முப்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்து 1751இல் மறைந்தார். அவர் படைத்தது ஒரு பாவை வீடன்று, ஒரு பாவை நகரம். ஏறத்தாழ 400 பாவைகள். எண்பதுக்கு மேற்பட்ட அறைகள். அரசவை, சமையற்கூடம், சந்தை, மருந்துக் கடை, கன்னியர் மடம் என்று தம் சிற்றரசின் வாழ்வு முழுவதையும் அவர் சிறிதாக்கி வைத்தார். அதற்கு அவர் இட்ட பெயர் பிரெஞ்சு மொழியில் 'மொன் பிளெசிர்'. என் இன்பம் என்பது அதன் பொருள்.

அந்த இன்பத்துக்கு விலை இருந்தது. இளவரசியார் கடன் பட்டார்; கடன் பட்டும் கைவிட்டாரில்லை. சுற்றத்தார் இத்தகைய ஆசையைக் கண்டு அஞ்சுவதற்கு நியாயமான காரணம் உண்டு என்பதை நாம் மறுத்தல் ஆகாது. வீட்டிலே அடுப்பு எரியாதபோது அலுமாரியிலே பாவை சிரித்தல் முறையன்று. சேகரிப்போரைப் புகழ்ந்து பேசும்போது அவர்தம் கடன்காரரையும் வேலையாட்களையும் மறந்துவிடுதல் நேர்மையான வரலாறாகாது. எனினும் இளவரசியின் கடன்கள் தீர்ந்து போயின. கடன் கொடுத்தோரும் மறைந்தனர். அவ்வளவு சிறிய அரசுகளைச் சேர்மனியின் தேசப்படத்திலே இன்று காண்பதற்கும் இல்லை. பாவை நகரம் மட்டும் ஆர்ன்ஸ்ரட் அரண்மனை அரும்பொருளகத்திலே இருக்கின்றது. பதினெட்டாம் நூற்றாண்டிலே சேர்மன் சிற்றூர் ஒன்றின் சந்தையில் எவ்வாறு பொருள் பரப்பினர், எவ்வாறு உடுத்தனர் என்று அறிய விரும்பும் அறிஞர் அங்கே சென்று அதன்முன் குனிந்து நோக்குகின்றனர். அரசன் விட்டுச் செல்லாத சான்றை அவனுடைய கைம்பெண் விட்டுச் சென்றாள்.

அடுத்து இங்கிலாந்து. விக்டோரியா மகாராணியாரின் இளமை தனிமையிற் கழிந்தது. முடியேறும் வரையில் அவர் தம் தாயாரின் அறையிலேயே உறங்க வேண்டியிருந்தது. ஒத்த வயதுத் தோழியர் அரியர். அந்நாளிலே அவர் சிறு மரப்பாவைகளைச் சேர்த்தார், அவை 132. அவற்றுள் 32 பாவைகளுக்குத் தாமே ஆடை தைத்தார். எஞ்சியவற்றுக்கு ஆடை அமைத்தவர் அவருடைய ஆசிரியையான லேசன் என்னும் சேர்மன் அம்மையார். நாடக அரங்கிலும் அரசவையிலும் கண்ட மாந்தரின் பெயர்களை அப்பாவைகளுக்கு இட்டு, ஒரு சிறு குறிப்புப் புத்தகத்தில் வரிசையாக எழுதி வைத்தார். பதினான்கு வயது அணுகும் வரையில் அப்பாவைகளே அவருக்குத் துணை.

இங்கே நாம் கவனிக்க வேண்டியவர் ஆசிரியை லேசன். நாளை ஒரு பேரரசை ஆளப்போகும் பெண்ணுக்கு இது தகாது என்று அவர் பாவைகளைப் பறித்துக்கொள்ளவில்லை. அருகே அமர்ந்தார், ஊசியைக் கையில் எடுத்தார். அதனால் விளைந்தது யாது? அரசியார் அப்பாவைகளை எறிந்துவிடவில்லை. 1892ஆம் ஆண்டிலே, எழுபது வயதைக் கடந்த காலத்திலே, அவற்றைக் குறித்துச் சஞ்சிகை ஒன்றிலே கட்டுரை எழுதிய பெண்மணிக்குத் தாமே விளக்கக் குறிப்புகள் கொடுத்துதவினார். அவருடைய சொந்த வாழ்விலே மிக அந்தரங்கமான செய்தியொன்றைப் பொதுமக்கள் அறிய அவர் நாணவில்லை. இளமையில் நகைக்கப்படாத ஆசை முதுமையில் நாணத்தைத் தருவதில்லை.

இனி நமக்கு அண்மையிலுள்ள பாரத நாட்டுக்கு வருவோம். கேரளத்தின் காயங்குளத்திலே 1902இல் பிறந்தவர் சங்கர்ப் பிள்ளை. கேலிச்சித்திரம் வரைவதிலே இந்தியாவிற்கு முன்னோடி. 1948இல் 'சங்கர்ஸ் வீக்லி' என்ற வாரப் பத்திரிகையை நிறுவியவர். அரசியல்வாதிகள் அஞ்சிய பேனை அவருடையது. பிரதமர் நேருவையும் அவர் விட்டுவைத்தாரல்லர். தம்மைத் தப்பவிட வேண்டாம் என்று நேருவே அவரிடம் கூறியதாகச் சொல்வர்.

இத்தகைய கூரிய நகைச்சுவையாளர் ஐம்பதாம் வயதை அணுகிய காலத்திலே ஒரு பாவையிடம் மனத்தைப் பறிகொடுத்தார். குழந்தைகளுக்கென அவர் நடத்திவந்த போட்டிக்குப் பரிசாக வழங்குமாறு ஹங்கேரி நாட்டுத் தூதுவர் தம் நாட்டுப் பாவை ஒன்றை அளித்தார். அதன் உடையழகும் முகக்களையும் சங்கரை ஈர்த்தன. அன்று தொடங்கிப் பிரதமரோடு பத்திரிகையாளராக வெளிநாடு சென்ற போதெல்லாம் அந்தந்த நாட்டுப் பாவைகளைத் தேடி வாங்கி வந்தார். ஏறத்தாழ 500 பாவைகள் சேர்ந்தன. குழந்தைகளின் ஓவியங்களோடு அவற்றையும் ஊர் ஊராக எடுத்துச் சென்று காட்சிக்கு வைத்தார். கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்ததால் பாவைகள் பழுதடைந்தன. டில்லியிலே நடந்த காட்சியொன்றுக்கு நேருவும் அவர் மகள் இந்திராவும் வந்தபோது சங்கர் இந்தத் துயரைக் கூறினார். நிலையான ஓர் இடம் அமைத்தால் என்ன என்ற யோசனை இந்திராவிடமிருந்து பிறந்தது.

1965ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், டில்லியிலே சங்கரின் சர்வதேசப் பாவை அரும்பொருளகம் திறக்கப்பட்டது. இன்று அங்கே ஏறத்தாழ 85 நாடுகளைச் சேர்ந்த 6,000க்கு மேற்பட்ட பாவைகள் இருக்கின்றன. நம் நாட்டுக் கண்டிப் பெரகராவும் பாவை வடிவிலே அங்கு செல்கின்றது. இந்தியாவின் பல மாநில உடைகளை அணிந்த பாவைகளை அங்கேயே செய்வதற்கு ஒரு தொழிற்கூடமும் அமைந்தது. சங்கரின் வாரப் பத்திரிகை 1975இல் நின்றுபோயிற்று; அவரும் 1989இல் மறைந்தார். பாவைகளோ இன்றும் பாடசாலைப் பிள்ளைகளை வரவேற்கின்றன. கேலிச்சித்திரக்காரர் ஒருவர் பாவை வாங்குகின்றார் என்று கேலி செய்வது எவருக்கும் எளிது. அவரால் அன்றாடம் கேலி செய்யப்பட்ட குடும்பத்துக்கு அது இன்னும் எளிது. அவர்கள் அதனைச் செய்யாது, குறையைக் கேட்டு வழி காட்டினர் என்பதே இவ்வரலாற்றின் சிறப்பு.

அமெரிக்காவிலே இருவரின் கதையைக் கூறிப் பேச்சை நிறைவு செய்ய நினைக்கின்றேன். முதலாமவர் மார்கரற் வுட்பரி ஸ்ரோங். 1897இல் நியூயோர்க் மாநிலத்து ரொச்செஸ்ரர் நகரிலே செல்வக் குடும்பமொன்றின் ஒரே மகளாகப் பிறந்தார். கொடாக் கம்பனியிலே அவர் தந்தையார் இட்ட முதல் பெருகிப் பெருஞ்செல்வமாயிற்று. சிறுமியாக இருந்தபோது பெற்றோரோடு உலகம் சுற்றினார். ஒவ்வொரு பயணத்திலும் அவர் கையிலே ஒரு பையைக் கொடுத்து, அப்பை கொள்ளும் அளவுக்கு விளையாட்டுப் பொருள்கள் வாங்கலாம் என்று பெற்றோர் இசைவளித்தனர் என்று கூறுவர். நல்லதொரு கல்வி முறை! ஆசைக்குத் தடை விதிக்கவில்லை. ஆசைக்கு ஓர் அளவைக் கையிலே கொடுத்தனர்.

அவருடைய ஒரே மகள் 1946இல் இளவயதிலேயே இறந்தாள். கணவர் 1958இல் மறைந்தார். பின்னர் அவருடைய சேகரிப்பு வேகமாகப் பெருகிற்று. பெரிய வீடும் போதாது போய்ப் புதிய கூடங்களைச் சேர்த்துக் கட்டினார். அவர் விட்டுச் சென்ற பாவைகளின் தொகை மட்டும் ஏறத்தாழ 27,000. துயரம் பாவையைத் தேடிற்றா, முன்பிருந்த ஆசை தனிமையிலே வளர்ந்ததா என்று தீர்ப்புச் சொல்ல வரலாற்றாசிரியனுக்கு உரிமை இல்லை. நாட்களின் வரிசையை மட்டும் அவன் காட்டலாம். 1969இல் அவர் இறந்தபோது தம் பெருஞ்செல்வத்தையும் சேகரிப்பையும் அரும்பொருளகம் ஒன்றுக்கு விட்டுச் சென்றார்.

1982இல் அந்த அரும்பொருளகம் திறக்கப்பட்டது. பொறுப்பேற்ற அறிஞர்களோ பாவைகளையே முதன்மையாக வைக்கத் தயங்கினர். அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியிலே கைத்தொழில் வளர்ந்து மக்கள் வாழ்வு மாறிய வரலாற்றைக் காட்டும் நிலையமாகவே தொடக்கத்தில் அதனை அமைத்தனர். கால் நூற்றாண்டுக்குள் அவர்கள் எண்ணம் மாறிற்று. மக்கள் எதைக் காண வருகின்றனர், சேகரித்தவரின் உள்ளம் எதிலே தோய்ந்திருந்தது என்பவற்றை உணர்ந்து, விளையாட்டின் வரலாற்றுக்கே அந்நிலையத்தை உரித்தாக்கினர். உறவினரைப் போலவே அறிஞரும் பொம்மையைக் கண்டு சிறிது நாணுகின்றனர்; பின்னர் அவர்களும் தெளிகின்றனர்.

இரண்டாமவர் ஹியுகெற் கிளார்க். 1906இல் பரிஸ் நகரிலே பிறந்தவர். செப்புச் சுரங்கங்களால் உலகப் பெருஞ்செல்வருள் ஒருவரான வில்லியம் கிளார்க்கின் முதுமைக் காலத்து மகள். உடன்பிறந்த அக்காள் 1919இல் இறந்தாள். தந்தை 1925இலும் தாய் 1963இலும் மறைந்தனர். அதன் பின்னர் நியூயோர்க் நகரத்து மாளிகைத் தொடர் ஒன்றிலே, உலகோடு தொடர்பின்றி, பிரெஞ்சுப் பாவைகளோடும் யப்பானியப் பாவைகளோடும் அவர் வாழ்ந்தார். ஐரோப்பாவிலே சிறந்த கைவினைஞரைக் கொண்டு பாவை வீடுகள் செய்விப்பார். செய்து வந்த வீட்டின் மேற்றளம் தாழ்வாக உள்ளது, குடியிருப்போரின் தலை இடிக்கின்றது என்று திருப்பியனுப்பித் திருத்தச் சொன்னாராம். 1991இல் நோய்வாய்ப்பட்டு மருத்துவமனை புகுந்தவர், நோய் நீங்கிய பின்னரும் வீடு திரும்பவில்லை. இருபது ஆண்டுகள் மருத்துவமனை அறையிலேயே கழித்து, 2011இல், தமது 104ஆம் வயதில் மறைந்தார். கலிபோர்ணியாவிலே கடலை நோக்கிய மாளிகை ஒன்று அவருக்காக அத்தனை ஆண்டுகளும் பூட்டிக் காத்திருந்தது.

அவர் விட்டுச் சென்ற செல்வம் 30 கோடி டொலர் அளவினது. அதன் பின்னர் நடந்தது நாம் எதிர்பார்க்கக்கூடியதே. தந்தையின் முதல் மனைவி வழிவந்த உறவினர்கள் வழக்குத் தொடுத்தனர். 2005ஆம் ஆண்டிலே ஆறு வார இடைவெளியில் எழுதப்பட்ட இரு மரண சாசனங்கள் இருந்தன. ஒன்று உறவினருக்குச் செல்வம் கொடுத்தது. மற்றொன்று கொடுக்க மறுத்தது. இரண்டாவது சாசனத்திலே பாவைகள், தம்மை இருபது ஆண்டுகள் பேணிய தாதிக்கு உரியனவாக எழுதப்பட்டிருந்தன. 2013இல் வழக்கு இணக்கமாக முடிந்தது. அப்போது பாவைத் தொகுதி, கடற்கரை மாளிகையைக் கலைகளுக்கென நிருவகிக்கும் நிறுவனத்துக்குச் சென்றது.

வழக்குத் தொடுத்தோரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. முதிய பெண்ணொருத்தியைச் சூழ்ந்திருந்தோர் அவரை ஏமாற்றிவிட்டனரோ என்னும் ஐயம் நியாயமான ஐயமே. ஆனால் அவ்வுறவினருட் பலர் அவரை நேரிற் கண்டதில்லை. அவருடைய பாவைகளின் பெயர் என்ன, எதனை அவர் மிக விரும்பினார், எதற்காக விரும்பினார் என்று அவர் உயிரோடிருந்தபோது அருகிருந்து கேட்ட உறவு அரிது. நூறு வயதுப் பெண் பாவையோடு வாழ்ந்தாள் என்ற செய்தி, அவள் மறைந்த பின்னர், அவள் அறிவு நிலையை ஆராய்வோருக்கு ஒரு சான்றாக மட்டுமே பயன்பட்டது. அவரை நேரில் அறிந்தோரோ, அவர் பண்புடையவர், கொடையாளர், தம் பாவை வீடுகளின் அளவுகளை நுணுக்கமாக அறிந்தவர் என்று கூறினர்.

நேயர்களே, இவ்வரலாறுகளை ஒன்றாக வைத்து நோக்கும்பொழுது ஓர் உண்மை புலப்படுகின்றது. பாவை சேர்த்தோர் அனைவரும் ஒரே செயலைத்தான் செய்தனர். ஆனால் அச்செயல் எவ்வாறு முடிந்தது என்பதைத் தீர்மானித்தவர் பெரும்பாலும் அருகிலிருந்தோரே. ஆசிரியை ஊசி எடுத்துத் தந்த இடத்திலே இனிய நினைவு மிஞ்சிற்று. நண்பர் குறை கேட்ட இடத்திலே அரும்பொருளகம் எழுந்தது. கேட்பாரற்ற இடத்திலே நீதிமன்றம் எழுந்தது.

நம் வீடுகளிலும் ஏதேனும் ஒன்றைச் சேர்க்கும் பெரியோர் உளர். பாவையாக இருக்கலாம்; முத்திரையாக இருக்கலாம்; பழைய செம்பாக, விளக்காக, சாவியாக இருக்கலாம். இடப் பற்றாக்குறையும் பணப் பற்றாக்குறையும் உள்ள நாட்டிலே அது வீட்டாருக்கு இடையூறாகத் தோன்றுவதும் உண்டு. அளவைப் பற்றிப் பேசுங்கள். அது குடும்பத்தின் உரிமை. மார்கரற்றின் பெற்றோர் பையைக் கொடுத்தது போல ஓர் இறாக்கையை, ஓர் அலுமாரியை ஒதுக்கிக் கொடுங்கள். ஆனால் நகைக்காதீர்கள். நகைப்பு பொருளை அகற்றாது. அப்பொருளைப் பற்றிய பேச்சை மட்டுமே அகற்றும். பேச்சு நின்ற பின்னர் அவர் தம் பாவையோடும் நாம் நம் வேலையோடும் தனித்தனியே ஒரே கூரையின் கீழ் வாழ்வோம்.

ஒரு நாள் மாலை ஓய்வாக அவர் அருகே அமர்ந்து, இது எங்கே கிடைத்தது, யார் தந்தது, ஏன் இதனை வைத்திருக்கின்றீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதைச் சாரா ரொத்தே அம்மையாரைப் போல ஒரு கொப்பியிலே எழுதிக்கொள்ளுங்கள். பெயர் தெரியாத பாவை வெறும் மண். பெயரும் வரவும் தெரிந்த பாவை ஒரு குடும்பத்தின் வரலாறு. நம் மண்ணிலே இடம்பெயர்ந்தும் எரிந்தும் அழிந்தும் போன வீடுகள் எத்தனை என்பதை நாம் அறிவோம். அவ்வீடுகளில் கொலுப் பெட்டிகளும் இருந்தன. எஞ்சியிருப்பவற்றின் கதையையேனும், சொல்லக்கூடியவர் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு வைத்தல் நம் கடமை.

தெருவிலே சிற்றில் கட்டிய சிறுமியர், தம் வீட்டைப் பெரிய மாளிகை என்று எவரையும் நம்பச் சொல்லவில்லை. காலைச் சற்று விலக்கி வைத்துச் செல்லுமாறு மட்டுமே வேண்டினர். வயது முதிர்ந்தோர் நம்மிடம் வேண்டுவதும் அவ்வளவே.